பிரிட்டோமார்ட்டுக்கு ரயில் ஓட்டுகிறவள்

நாற்பத்தாறு வயதில் ரயில் ஓட்டப் போகிறேன் என்று சொன்னபோது, என் கணவர் சோற்றுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"உமக்கென்ன விசரே?"

"விசர் இல்லை. என்னை எடுத்திட்டினம். அடுத்த மாசம் பயிற்சி தொடங்குது."

அதுவரை நான் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கம்பனியில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் இருந்தபோதும் அதே வேலைதான். நாங்கள் குடியிருக்கும் புறநகரான பாபடோயிட்டோயிலிருந்து நகரத்துக்குப் போகும் நாள்களில் முதல் பெட்டியில் ஏறி, ஓட்டுநரின் அறைக் கதவோரமாகவே நிற்பேன். ஏன் அங்கே நிற்கிறேன் என்று என்னை நானே கேட்டதில்லை. ஒருநாள் ரயிலுக்குள் ஓட்டுநர் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டேன். வீட்டுக்கு வந்து விண்ணப்பம் போட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

"ஆக்கள் கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார் அவர்.

"ரயில் ஓட்டுறா எண்டு சொல்லுங்கோ."

பக்கத்தில் இருந்த மகள், "அம்மா, தட்ஸ் சோ கூல்!" என்றாள். தகப்பன் பார்த்த பார்வையில் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது விஷயம் பரவிவிட்டது. எங்கள் ஆட்களில் மூத்தவரான ஓர் அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார். "பிள்ளை, நீர் படிச்ச பொம்பிளை. மன்னாரிலயிருந்து இவ்வளவு தூரம் வந்தது இதுக்கோ?"

"ஓம் அண்ணை. இதுக்கும்தான்."

அவர் அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. நானும் தேடிப் போய்க் கதைக்கவில்லை.

எனக்கு ஓட்டப் பழக்கக் கிடைத்தவள் என்னைவிடப் பத்து வயது இளைய சமோவாப் பெண். ஓட்டுநர் அறையில் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, நான் பிழைவிடும் வரை வாயே திறக்க மாட்டாள். மற்ற நிலையங்கள் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டன. பிரிட்டோமார்ட் மட்டும் பிடிபடவில்லை.

பயணிகளுக்கு அது ஒரு பெரிய நிலையம், அவ்வளவுதான். தெற்கு, கிழக்கு, மேற்குப் பாதைகள் எல்லாம் அங்கே வந்துதான் ஆட்களைக் கொட்டும். மேலே ஏறினால் பஸ், படகு, அலுவலகம், பல்கலைக்கழகம். ஆனால் நான் பழகிய காலத்தில் ஓட்டுகிறவர்களுக்கு அது ஒரு முட்டுச்சந்து. வெயிலில் வந்துகொண்டிருக்கிற ரயில் திடீரென்று நிலத்துக்குள் இறங்கும். கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் பாதைகள் ஒன்றையொன்று வெட்டிப் பிரியும். பிளாட்பாரத்தின் கடைசியில் தண்டவாளம் முடிந்து தடுப்புக்கட்டை நிற்கும். இப்போது அதற்கு அப்பாலும் நகரத்தின் அடியால் சுரங்கம் தோண்டிவிட்டார்கள், நிலையத்தின் பெயரையும் மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் பிரிட்டோமார்ட்தான் வருகிறது.

தேர்வு நாளன்று பரிசோதகர் பக்கத்தில் இருந்தார். காலை நேரம், பெட்டிகள் நிறைய ஆட்கள். தடுப்புக்கட்டை கண்ணில் பட்டதுமே என் கை பிரேக்கை இழுத்துவிட்டது. நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே ரயில் நின்றது. கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தொடவே இல்லை. கதவுகளைத் திறக்க முடியாது. கட்டுப்பாட்டு அறையைக் கேட்டு, அனுமதி வாங்கி, மெல்ல முன்னே நகர்த்தும்வரை அத்தனை பேரும் கதவுக்குள் நின்று முணுமுணுத்தார்கள். பரிசோதகர் தாளில் குறித்துக்கொண்டார். நான் தேறவில்லை.

வீட்டில் சொன்னேன். கணவர் பெருமூச்சு விட்டார். அதில் ஆறுதலும் கலந்திருந்தது எனக்குத் தெரிந்தது.

"சரி, ஆசைக்கு ஒருக்காப் பாத்தாச்சு. இதோட விடும்."

"ஒருக்கா வழுக்கினதுக்கு விடுறதெண்டா நான் நடக்கவே பழகியிருக்க மாட்டன்" என்றேன்.

அதற்குப் பிறகு லீவு நாள்களிலும் நிலையத்துக்குப் போனேன். பிளாட்பாரத்தின் அந்தக் கடைசியில் நின்று, மற்றவர்கள் எப்படி வந்து நிறுத்துகிறார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் அவசரப்படவில்லை, ஒருவரும் பயந்து நிற்கவுமில்லை. அந்தத் தடுப்புக்கட்டையை நான் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு சமோவாக்காரி சிரித்தாள். "அது உன்னிடம் ஓடி வராது. நீதான் அதனிடம் போகவேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

போனேன். இரண்டாம் தேர்வில் குறித்த இடத்திலேயே நிறுத்தினேன்.

கணவருக்கு இன்றைக்கும் இந்த வேலை பிடிக்கவில்லை. அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை. காலை வேலை என்றால் எனக்கு முன்னால் எழுந்து காரின் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்து வைப்பார். ஆனால் வேலை எப்படிப் போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர் கேட்கவேண்டும் என்று நானும் காத்திருப்பதை விட்டுவிட்டேன்.

தனியாக ஓட்டத் தொடங்கிய முதல் குளிர்காலத்தில் ஒரு காலை, பிரிட்டோமார்ட்டுக்குள் இறங்கும் சுரங்க வாயிலில் எனக்குச் சிவப்பு விளக்கு விழுந்தது. உள்ளே இடமில்லை, ரயில்கள் வரிசையில் நின்றன. நான் மைக்கை எடுத்து, சிவப்பு சிக்னலுக்காக நிற்கிறோம், விரைவில் புறப்படுவோம், பொறுத்துக்கொண்டதற்கு நன்றி என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன்.

நிலையத்தில் ஆட்கள் இறங்கினார்கள். வந்த ரயில் திரும்பிப் போகவேண்டும் என்பதால் அறையைப் பூட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டு, மறுமுனை ஓட்டுநர் அறைக்கு நடந்தேன். கோட் போட்ட ஒருவர் வழியை மறித்தார்.

"நீ மைக்கில் சொன்னது ஒரு சொல்லும் விளங்கவில்லை. இங்கிலீஷ் பேசத் தெரிந்த ஒருவரை வேலைக்கு வைக்கக்கூடாதா?"

ஆட்கள் நடையைத் தளர்த்தினார்கள். முன்பென்றால் நான் 'சொரி' என்று மன்னிப்புக் கேட்டிருப்பேன். இந்த நாட்டில் என் வாயில் முதலில் ஏறிய சொல் அதுதான். அன்றைக்கு அது வரவில்லை.

"எந்தச் சொல் விளங்கவில்லை?" என்று கேட்டேன். "சிவப்பா? சிக்னலா? நன்றியா? சொல்லுங்கள், திரும்பச் சொல்கிறேன்."

பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் பக்கென்று சிரித்தார்கள். அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நகரும் படிகளில் ஏறிப் போனார்.

மறுமுனை அறைக்குள் போய் உட்கார்ந்தபோதும் கோபம் ஆறவில்லை. பதிவு செய்த குரலே அடுத்த நிலையத்தின் பெயரைச் சொல்லிவிடும். நான் பேசாமலே இருக்கலாம். பச்சை விழுந்தது. மைக்கை எடுத்தேன். மன்னாரில் பழகிய அதே நாக்கால், ஒரு எழுத்தையும் வளைக்காமல், இது தெற்குப் பாதை ரயில், உங்கள் ஓட்டுநர் பேசுகிறேன், காலை வணக்கம் என்று எல்லாப் பெட்டிகளுக்கும் சொன்னேன்.