அண்ணன் மீன் போட்ட நரி

எதிர்பாராமல் ஏதாவது நல்லது நடந்தால், "நரி முகத்துல முழிச்சியா?" என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும்தான் கேட்போம். கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவோம். என் அண்ணன் ஒருவன்தான் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

ஏர்வாடிக்குப் பக்கத்தில், கடலை ஒட்டிய குடியிருப்பு எங்களுடையது. நான் வாக்கப்பட்ட வீடும் அண்ணன் வீடும் அடுத்தடுத்து. பின்னால் சீமைக் கருவேலங்காடு, அதற்குள் நரிகள் உண்டு. ஒருநாள் விடியற்காலையில் வள்ளத்துக்குப் போகும் வழியில் ஒரு நரி அண்ணனை நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அன்றைக்கு வலை கொள்ளாமல் சீலா மீன். அவ்வளவுதான், மறுநாளே விலைபோகாத மீனையும் மீன் தலைகளையும் வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட ஆரம்பித்தான். நரி பழகிவிட்டது. தினமும் அதன் முகத்தைப் பார்த்த பிறகுதான் கடலுக்குப் போவான்.

தானாக வரவேண்டிய அதிர்ஷ்டத்துக்குச் சாப்பாடு போட்டு வேலைக்கு வைத்திருக்கிறாயே என்று நான் கேலி செய்வேன். மதினிக்குக் கேலியெல்லாம் இல்லை, கோபம்தான். கட்டியவள் முகத்தில் முழித்துவிட்டுப் போனால் மீன் படாதாமா என்று என்னிடம் வந்து கொட்டுவாள்.

நரிகள் வாசல்வரை வந்து கோழி பிடிக்கத் தொடங்கியதும் யாரோ தகவல் சொல்ல, வனக்காவலர் ஒருவர் வந்தார். காட்டு விலங்குகளுக்கு உணவு போடுவது சட்டப்படி குற்றம் என்று ஒரு பலகை நட்டார். அண்ணனைத் தனியாக நிறுத்திவைத்தும் சொன்னார். மீன் போடப் போட நரிக்கு மனிதர்கள் மேல் இருக்கிற பயம் போய்விடும், பயம் போன நரி ஒருநாள் கடிக்கும், இனிமேல் போட்டால் கேஸ்தான் என்றார். அண்ணன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். மறுநாள் முதல் பலகையைத் தாண்டிக் காட்டுக்குள் போய் மீன் போட்டான். அந்தத் தலையாட்டலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

பிறகு ஒருநாள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தான். கெளுத்தி முள் குத்திவிட்டது என்றான். வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுக்கிறவர்களுக்கு அது வழக்கமான காயம், எங்கள் தெருவில் யாரும் துணியை அவிழ்த்துப் பார்க்க மாட்டார்கள். மதினி மஞ்சளைச் சூடாக்கிக் கொடுத்தாள், அவனே பற்றுப் போட்டுக்கொண்டான். காயம் ஆறியும் விட்டது. அதோடு அவன் காட்டுப் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டான். காவலர் சொன்னது ஒருவழியாகக் காதில் ஏறியதே என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

சில வாரம் கழித்து அந்தக் கை மதமதவென்று இருக்கிறது என்றான். அப்புறம் காய்ச்சல். மதினி தண்ணீர்ச் செம்பை நீட்டியபோது அவன் தொண்டை இழுத்துக்கொண்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடுங்கினான். கடலிலேயே வளர்ந்தவன் ஒரு செம்புத் தண்ணீருக்குப் பயந்தான்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில், நாய் ஏதும் கடித்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று மதினி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் வாயைத் திறந்தான்.

"நாய் இல்ல சார். நரி."

கடித்த அன்றே வந்து ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார், இனி எங்கள் கையில் எதுவும் இல்லை என்று டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். நான் உள்ளே போய், ஏன் மறைத்தாய் என்று கேட்டேன்.

"சொன்னா எங்கன வச்சு கடிச்சதுன்னு கேப்பாக. மீன் போட்டது தெரிஞ்சு கேஸு போட்டுருவாகன்னு பயந்துட்டேன் ஆத்தா. முள்ளுக் காயம் மாதிரி ஆறிரும்னு இருந்துட்டேன்."

மறுநாள் போய்விட்டான்.

துக்கத்துக்கு அந்த வனக்காவலரும் வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். கடிபட்டு வந்தவர்மேல் யாராவது கேஸ் போடுவோமா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருப்பேனே என்று அவர் கண்கலங்கினார். அதற்குமேல் அவரை என்ன கேட்பது? அண்ணனைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டி அழுதேன். அவன் பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயந்து செத்தான்.

ஆஸ்பத்திரியில் உடம்பைச் சுற்றிக் கொடுத்திருந்ததால் குளிப்பாட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நீர்மாலைக்குப் போய்க் கொண்டுவந்த தண்ணீரைப் பேருக்குக் காலடியில் தெளித்தால் போதும் என்றார்கள் பெரியவர்கள். குடத்தை மதினி கையில் கொடுத்தோம். வாங்கியவள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நேரமாகிறது, தெளிம்மா என்று ஆள் மாற்றி ஆள் சொன்னார்கள். அவள் குடத்தின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"வேணாம். தண்ணியப் பாத்தா அவுகளுக்குப் பயம்."