தண்ணீர் ஊற்றியும் போகாதவள்

எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த காலம். அம்மாவுக்கு எழுபது வயதை ஒட்டியிருக்கும். முதலில் உடம்பு முழுக்க அரித்தது. பிறகு வயிற்றிலும் தொடையிலும் பெரிய பெரிய கொப்புளங்கள் எழும்பின. கொப்புளத்தைப் பார்த்ததும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அம்மன் வந்திருக்கிறாள். வாசலில் வேப்பிலை செருகினோம்.

அம்மன் இருக்கும் வீட்டில் மருந்து கொடுக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, கருவாடு ஆகாது. எங்கள் அறைக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரை வரை எட்டாது. வாசம் தாண்டி வரும் என்பதால் அவர்களும் பொரிப்பதை நிறுத்தினார்கள். பெண்கள் வந்து அம்மாவைக் கும்பிட்டுப் போனார்கள். நாலு பேர் வந்தாலே எனக்குக் கூச்சம். வேலை முடிந்தும் மலையிலேயே நின்றுகொண்டிருப்பேன்.

அம்மனை அனுப்பிவைக்க வழக்கப்படி மூன்று தண்ணீர் ஊற்றினோம். அம்மன் போகவில்லை. கொப்புளம் உடைந்த இடத்தில் தோல் உரிந்து பாயில் ஒட்டியது. தூக்கமும் சாப்பாடும் நின்றன. இப்படியே விட்டால் அம்மா பிழைக்கமாட்டாள் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரி என்றால், "அவ கோவிச்சுக்குவாடா" என்பாள்.

ஒருநாள் பக்கத்துக் காம்பரா அண்ணன் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. அம்மன் எப்பப் போறதா உத்தேசம்? கருவாட்டு மொகத்தப் பாத்து ரெண்டு சம்பளம் ஆச்சு."

என் மனைவியும் பொறுமை இழந்திருந்தாள். "மூணு தண்ணி ஊத்தியாச்சு. வந்தவங்க கெளம்ப வேணாமா அத்தே?"

"யாரப் பத்திப் பேசுறேன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?" என்றாள் அம்மா.

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவள். கன்னமெல்லாம் குழி. ஒரு தரம் கண்டவர்களுக்கு அது மறுபடி காணாது என்பது லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். தினமும் பார்க்கிற முகம் என்பதால் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஒனக்குத்தான் சின்னதுலயே வந்துட்டுப் போயிட்டாளேம்மா," என்றேன்.

அம்மா கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "அப்ப இது யாருடா?"

"தெரியல. கண்டியில போய்க் கேப்போம்."

கண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். வயதானவர்களுக்கு எப்போதாவது வருகிற தோல் நோய், யாருக்கும் தொற்றாது, ஏன் வருகிறது என்று அவர்களுக்கும் சரியாகத் தெரியாது, மாத்திரைக்கு அடங்கும், நினைத்தபடி நிறுத்தக் கூடாது, முகம் கொஞ்சம் வீங்கும்.

"அவருக்கும் யாருன்னு தெரியலையாமா?" என்று கேட்ட அம்மா, அதன்பிறகு மறுப்புச் சொல்லாமல் வார்டில் படுத்துக்கொண்டாள்.

அரிப்பு நின்று, புண் ஆறி வீடு வந்தவள் முதலில் கேட்டது கருவாடு. மாத்திரையில் பசியும் வந்தது, முகமும் உருண்டது. கன்னத்துக் குழிகள்கூட நிரம்பிவிட்டன. பக்கத்துக் காம்பரா அண்ணி பார்த்தவுடன் கைகூப்பினார். "மொகத்துல அம்மன் களையப் பாருங்களேன்!"

டாக்டர் சொன்னதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

என் மனைவி மாத்திரையை நீட்டினாள். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுங்கினாள். சுவருக்கு அந்தப் பக்கம் கருவாடு பொரிந்துகொண்டிருந்தது.