கண்ணாடி ஓட்டுக்கு ஒரு மூடி

சண்டைக் காலத்தில் தன்னாமுனையில் வீடு கட்டினோம். கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. அதனால் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள் பதித்தோம். பகலில் குசினியில் அரிசியில் கல் பொறுக்கும் அளவுக்கு வெளிச்சம்!

ஒருநாள் பொழுதுபட்டதும் வாவிப் பக்கமிருந்து வந்த இராணுவ ஹெலி எங்கள் வீட்டுக்கு மேலேயே சுற்றியது. சுடப்போகிறது என்று கட்டிலுக்குக் கீழே படுத்தோம். நல்லகாலம், போய்விட்டது.

"ஏன் நம்மட வீட்ட மட்டும் சுத்தினவன்?" என்று கேட்டேன். வளவில் இறங்கிப் பார்த்த கணவர் கூப்பிட்டார்: "இஞ்ச வந்து கூரையப் பாரு புள்ள!"

அக்கம்பக்கம் இருண்டு கிடக்க, எங்கள் லாம்பு வெளிச்சம் அந்த ஓடுகள் வழியே வானத்தைப் பார்த்து எரிந்தது.

மறுநாளே ஓடுகளின் கீழ், கயிறு இழுத்தால் மூடும் பலகை பூட்டினோம். உச்சி வெயிலில் மூடினால் வீடு குளிர்ந்திருப்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போது ஹெலி வருவதில்லை. ஆனாலும் கயிற்றை இழுத்த பிறகே லைட்டைப் போடுகிறேன்.