ஆடாத பெட்டி

சூட்கேஸை மார்போடு அணைத்துத் தூக்கி, இடப்பக்கம் ஒரு தரம், வலப்பக்கம் ஒரு தரம் குலுக்கிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதில் காதை வைக்கிறார். சத்தமில்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. தலைகீழாகப் பிடித்து இன்னொரு தரம் குலுக்குகிறார். எங்கோ ஆழத்தில் சின்னதாக ஒரு 'டொக்'. உடனே பெட்டி கட்டிலுக்கு வருகிறது, ஜிப் திறக்கிறது, ஒரு கை முழங்கை வரை உள்ளே போகிறது. குற்றவாளி பிடிபடுகிறது: வெயிலுக்குப் பூசிக்கொள்ளும் கிரீம் பாட்டில். அதை ஒரு காலுறைக்குள் தள்ளி, காலுறையைச் செருப்புக்குள் தள்ளி, செருப்பைச் சுற்றி ஒரு துண்டை இறுக்கி, "இப்ப ஆடு பாப்போம்" என்கிறார். பாட்டில் ஆடவில்லை.

கப்பல் ஏற இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. ஐந்து இரவு, வெதுவெதுப்பான கடல், நாளுக்கொரு தீவு. வெளியூரில் வேலை பார்க்கும் மகள், பெற்றோரின் முப்பதாவது கல்யாண நாளுக்கென்று இரண்டு டிக்கெட் அனுப்பியிருக்கிறாள். என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று ஒரு பட்டியலும் அனுப்பினாள். ஆளுக்கொரு பெட்டி கொண்டுவரலாம் என்று அதில் இருந்ததை மட்டும் அவள் அப்பா ஏற்றுக்கொள்ளவில்லை. "ரெண்டு பெட்டின்னா ரெண்டுலயும் எடம் மிஞ்சும்" என்று சொல்லி, இரண்டு பேர் சாமானையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துவிட்டார்.

அவர் கண்ணாடிச் சாமான் தொழிற்சாலையில் பேக்கிங் மேஸ்திரி. தண்ணீர்க் குவளை, ஜாடி, விளக்குக் கூண்டு என்று தொட்டால் நொறுங்கும் சரக்கெல்லாம் இருபத்தேழு வருடமாக அவர் கை வழியாகத்தான் வெளியே போகிறது. ஒவ்வொரு பெட்டியையும் குலுக்கிக் காது வைத்துக் கேட்காமல் லாரியில் ஏற்ற விடமாட்டார். அதனால் அங்கே அவருக்குப் பெயர் காதுக்காரர். முதலாளியே "காதுக்காரர் கேட்டாச்சா?" என்றுதான் விசாரிப்பார். தொழிலில் அவருக்கு இருப்பது ஒரே ஒரு வேதம். "எடம் இருந்தா ஆடும். ஆடுனா ஒடையும்."

இந்த வேதத்தைக் கிடங்கிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வரக்கூடிய ஆளா அவர்? சட்டைப் பையில் சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் சுற்றித்தான் போட்டுக்கொள்வார். நடந்து வந்தால் பூனைகூடத் தோற்றுப்போகும். வீட்டு ஃபிரிட்ஜில் எள் விழ இடமிருக்காது. ஒரு தக்காளியை எடுத்தால் அந்தக் குழியில் உடனே ஒரு எலுமிச்சம்பழம் உட்கார்ந்துவிடும். லிஃப்டில் ஏறினால் பருத்தவர்களைச் சுவரோரமாகவும் ஒல்லியானவர்களை இடுக்கிலும் நிற்கச் சொல்வார். "கொஞ்சம் தள்ளிக்குங்க சார், நடுவுல காத்து இருக்கு பாருங்க." முன்பின் தெரியாதவர்களும் தள்ளி நின்றுவிடுகிறார்கள். அவர் குரலில் அவ்வளவு நியாயம் இருக்கும்.

தொழிற்சாலையில் அவருடைய அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு கடிதம் ஒட்டியிருக்கிறது. தொலைவில் இருக்கும் ஏதோ ஒரு கடை எழுதியது. 'சரக்கு ஒன்றுகூட உடையாமல் வந்து சேர்ந்தது. அடுத்த முறை பெட்டியைத் திறந்து தருவதற்கும் ஓர் ஆளைச் சேர்த்து அனுப்பினால் உதவியாக இருக்கும்.' பதினொரு வருடமாக அதைப் பாராட்டுப் பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வேலைக்குப் புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாளே கதவைத் திறந்து காட்டுவார். அவர்களும் படித்துவிட்டு, "பெரிய விஷயம்ண்ணே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மேஸ்திரியிடம் போய் யார் வாயைக் கொடுப்பது?

அவருடைய மனைவி ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருக்கிறார். சாதுவான மனுஷி. ஆனால் சொல்ல வேண்டியதை இரண்டு தரம் சொல்லும் வழக்கம் கிடையாது. அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே சட்டத்துக்குள் நான்கு போட்டோ மாட்டியிருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் மலைப்பக்கம் நான்கு நாள் போனபோது எடுத்தவை. அருவி, ஏரி, பூந்தோட்டம், பனிமூட்டம். நான்கிலும் அம்மாள் அதே நீலச் சுடிதாரில் நிற்கிறார். மாற்று உடுப்பு இல்லாமல் இல்லை. ஏழு செட் கொண்டுபோயிருந்தார். ஏழும் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. முதல் நாள் சாயங்காலம் பெட்டியைத் திறக்கச் சொன்னபோது இவர் பதறிவிட்டார். "தெறந்தா மறுபடி மூட முடியாதும்மா. இந்த மலையில டேப்புக்கு நான் எங்க போவேன்?" பெட்டி போனது போலவே ஆடாமல் அசையாமல் வீடு திரும்பியது. அதைப் பெருமையாக நாலு பேரிடம் வேறு சொன்னார்.

இந்தப் பயணத்துக்கு அம்மாள் ஆறு மாதமாகத் தயாராகிக்கொண்டிருக்கிறார். ஐம்பத்து நாலு வயதில், வேலை முடிந்து நேரே குளத்துக்குப் போய் நீச்சல் கற்றுக்கொண்டார். முதல் மாதம் முழுவதும் குளத்தின் விளிம்பை விட்ட கை இல்லை. இப்போது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வருகிறார். கப்பலின் மேல்தளத்தில் ஒரு குளம் இருக்கிறதாம். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் இறங்குவது என்று மகளிடம் சொல்லிவைத்திருக்கிறார். நீச்சல் உடை இரண்டு, பூப்போட்ட நீளக் கவுன் ஒன்று, அகல விளிம்பு வைத்த ஓலைத் தொப்பி ஒன்று, எல்லாம் வாங்கியாயிற்று.

தொப்பியைப் பார்த்ததும் காதுக்காரர் முகத்தைச் சுளித்தார். "உள்ள பூரா காத்தும்மா" என்றார். காற்றைச் சுமந்துகொண்டு ஊர் போகிறவர் அல்லர் அவர். தொப்பியின் குழிக்குள் நீச்சல் கண்ணாடியை வைத்தார். கண்ணாடியின் இரண்டு கிண்ணங்களுக்குள்ளும் குமட்டலுக்கான மாத்திரைகளை அடைத்தார். விளிம்பைச் சுற்றிப் பனியன்களைச் சுருட்டி முட்டுக் கொடுத்தார். கனமானது அடியில், மெத்தென்றது நாலு பக்கமும், உசத்தியான சரக்கு வயிற்றில். கிடங்கில் அதுதான் முறை. இரண்டு பாஸ்போர்ட்டையும் கப்பல் டிக்கெட்டையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, டப்பாவுக்கு டேப் சுற்றி, துண்டுக்குள் உருட்டி, பெட்டியின் நட்ட நடுவில் இறக்கினார். ஜிப்பை இழுத்து, குறுக்கும் நெடுக்குமாக வார் கட்டி, அதன்மேல் பழுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றினார். மார்க்கரால் நாலு பக்கமும் மேல்நோக்கி அம்புக்குறி போட்டார்.

அம்மாள் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் நின்று அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

"என் நீச்சல் டிரெஸ் எங்கங்க?"

"உள்ள இருக்கு. பத்திரமா இருக்கு."

"கப்பல்ல எப்படி எடுக்கறது?"

"எதுக்கு எடுக்கணும்?" என்று கேட்ட பிறகுதான், வாய் தவறிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது.

அம்மாள் குரலை உயர்த்தவில்லை. ஆஸ்பத்திரியில் அடுத்தவர் பெயரைக் கூப்பிடும் அதே குரலில் சொன்னார். "மறுபடியும் அஞ்சு நாளும் ஒரே டிரெஸ்ல நின்னு போட்டோ எடுக்க என்னால முடியாது. நான் வரலைங்க. நீங்களும் பெட்டியும் போயிட்டு வாங்க." சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போய்விட்டார்.

வரமாட்டேன் என்றால் அம்மாள் வரமாட்டார் என்பது காதுக்காரருக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடத்தில் அவர் இரண்டு தரம்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். இரண்டு தரமும் வரவில்லை. ஆனால் கட்டிய பெட்டியை அவிழ்ப்பது எப்படி? கிடங்கில் பெட்டி திரும்பி வந்தால்தான் அவிழ்ப்பார்கள், அவருடைய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று மனசு அடம்பிடித்தது.

மறுநாள் அவருக்கு லீவு; அம்மாள் வேலைக்குப் போயிருந்தார். பத்து மணிக்கு மகள் போன் செய்தாள்.

"அப்பா, பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் கைப்பையில வெச்சுக்குங்க. துறைமுகத்துலயே பெட்டிய வாங்கிட்டுப் போயிடுவாங்க. சாயங்காலந்தான் ரூமுக்கு வரும். பாஸ்போர்ட் காட்டாம கப்பல்ல ஏத்த மாட்டாங்க."

"பத்திரமா இருக்கும்மா."

"எங்கப்பா இருக்கு?"

"நடுவுல" என்றார் அவர். "கத்தரிக்கோல எடுங்கப்பா" என்றாள் மகள். அப்பாவைத் தெரிந்த மகள்.

கத்தரிக்கோலைத் தேடினார். பட்டியலில் இருந்தபடியால் அது பெட்டிக்குள் போயிருந்தது. சமையலறைக் கத்தியால் டேப்பைக் கீறினார். கத்தி வழுக்கிக் கட்டைவிரலில் இறங்கியது. விரலில் துணி சுற்றிக்கொண்டு நகத்தால் உரித்தார். டேப் நார் நாராகக் கிழிந்து சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டது. வார் முடிச்சு அவிழ அரை மணி. ஜிப்பைத் திறந்ததும் அமுங்கிக் கிடந்த துணியெல்லாம் மூச்சு வாங்குவது போல எழும்பி நின்றது. செருப்பை உருவினால் காலுறை வரவில்லை. காலுறையை இழுத்தால் கிரீம் பாட்டிலின் மூடி திறந்து மடி நனைந்தது. டப்பா கையில் கிடைத்தபோது மணி பதினொன்றேகால். மூடியைச் சுற்றியிருந்த டேப்பைப் பல்லால் கடித்து இழுத்தார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தவருக்கு அலமாரிக் கதவின் கடிதம் வரி வரியாக ஞாபகம் வந்தது. 'பெட்டியைத் திறந்து தருவதற்கும் ஓர் ஆளை.' பதினொரு வருடம் கழித்து இப்போதுதான் அதன் அர்த்தம் புரிந்தது. எத்தனை கடைகளில் எத்தனை பேர் இப்படிக் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு தன்னை வைதிருப்பார்கள்? காது மடல் சூடேறும்படி வெட்கமாக இருந்தது. நிமிர்ந்தபோது எதிரே சுவரில் அந்த நான்கு போட்டோ. பூந்தோட்டத்துப் படத்தில் அம்மாள் சிரித்தபடி, உடுப்பின் முன்பக்கம் இருந்த ஒரு கறையைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடமாகக் கூடத்தில் தொங்கும் படம். அந்தக் கையை அவர் அன்றுதான் பார்த்தார்.

சாயங்காலம் அம்மாள் வந்தபோது, கட்டில் முழுவதும் துணி பரத்தியிருந்தது. ஓரமாக ஒரு சின்ன சூட்கேஸ், பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி, வாய் திறந்தபடி காலியாக இருந்தது.

"அது உனக்கு" என்றார் காதுக்காரர். "நீயே வெச்சுக்கோ."

"விரல்ல என்ன?"

"பெட்டியத் தெறந்தேன்."

அம்மாள் விரலைப் பிடித்து, துணியை விலக்கிப் பார்த்தார். மருந்து போட்டுக் கட்டினார். "டேப் சுத்தின கை, கொஞ்சம் வலிக்கட்டும்" என்றார். ஆனால் கட்டு மிருதுவாகத்தான் இருந்தது.

அதன் பிறகு அம்மாள் அடுக்க ஆரம்பித்தார். அடுக்கினார் என்று சொல்வதே தப்பு, போட்டார். கவுனை இரண்டாக மடித்துப் போட்டார். நீச்சல் உடைகளை மேலாகப் போட்டார். தொப்பி தலையில் வரட்டும் என்று வெளியே எடுத்து வைத்தார். நீச்சல் கண்ணாடியையும் புதுக் கிரீம் பாட்டிலையும் ஓரத்தில் எறிந்தார். ஒரு பக்கம் அப்படியே காலி. காதுக்காரர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அந்தப் பக்கம் எடம் இருக்கே?"

"ஈரத் துணிக்கு."

மனைவியின் சாமான் போனதும் அவர் பெட்டியில் பாதி காலியாகிவிட்டது. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? பழைய செய்தித்தாளைக் கசக்கி உருண்டை உருண்டையாகத் திணித்துவிட்டார். "தீவு பாக்கப் போறோமா, பேப்பர் போடப் போறோமா?" என்று அம்மாள் கேட்டதற்கு, "பேப்பர் கனமில்லம்மா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை டாக்ஸி வாசலில் வந்து நின்றது. பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் அம்மாளின் கைப்பையில் இருந்தன. தலையில் ஓலைத் தொப்பியுடன், கதவைப் பூட்டச் சாவியை எடுத்துக்கொண்டு நின்றார். காதுக்காரர் முதலில் சின்னப் பெட்டியைத் தூக்கினார். தூக்கிய கை தன்னால் குலுக்கியது. உள்ளே நீச்சல் கண்ணாடி கிரீம் பாட்டிலில் போய் மோதி, 'லொடலொட' என்றது.

அவர் கை ஜிப்புக்குப் போயிற்று. அம்மாள் சாவியைக் கையில் வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க" என்றார்.

ஜிப்பைத் தொட்ட கை திரும்பி வந்தது. சின்னப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தன் பெட்டியைத் தரையில் சாய்த்துத் திறந்தார். பேப்பர் உருண்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பதினொன்று இருந்தன. எல்லாவற்றையும் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு எழுந்தார். அம்மாள் சட்டென்று தன் பெட்டியின் மேல் கையை வைத்தார்.

அவர் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போய், சமையலறைக் குப்பைக் கூடையில் உருண்டைகளைக் கொட்டிவிட்டு வந்தார். தன் பெட்டியை மூடினார். மார்போடு அணைத்துத் தூக்கி, இடப்பக்கம் ஒரு தரம், வலப்பக்கம் ஒரு தரம் குலுக்கிவிட்டுக் காதை வைத்தார். 'டொக்' என்றது. கொஞ்ச நேரம் காதை எடுக்காமல் நின்றார். பிறகு, எது ஆடுகிறது என்று பார்க்காமலே, இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.