அப்பா உடைத்த படி

அப்பா சாதுவானவர், யார் மனத்தையும் நோகடிக்காதவர் என்று இந்த நினைவு மலரில் எழுதும்படி உறவினர்கள் சிலர் கேட்டுக்கொண்டார்கள். மன்னிக்கவும், அப்படி எழுத மாட்டேன். அப்பா பலர் மனத்தை நோகடித்தார். நோகடிக்க வேண்டியவர்களைத்தான் நோகடித்தார். அவருடைய மகள் என்ற முறையில் அதில் எனக்குப் பெருமைதான்.

மதுராந்தகம் பக்கத்தில் பிறந்த அப்பாவுக்குப் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. குரோம்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடையில் சிமென்ட் மூட்டை இறக்கினார். திருமணத்துக்குப் பிறகு அம்மாவின் வளையல்களை விற்று மேற்குத் தாம்பரத்தில் சொந்தக் கடை திறந்தார். பள்ளிக்குக் குடிநீர்க் குழாய், சுடுகாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி என்று கடையிலிருந்து எத்தனையோ பொருள்கள் ஊருக்குப் போயின. அவற்றையெல்லாம் ஊரே பாராட்டியது. பாராட்டாத ஒன்றும் உண்டு.

ஒரு மழைக்காலத்தில் கடைக்குப் பின்தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அப்பா மோட்டார் வைத்து இறைத்தார், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோனார். பொட்டலத்தை வாங்கிக்கொண்ட கோடி வீட்டு டீச்சர், "ரொம்ப தேங்க்ஸ்ண்ணா. ஆனா தண்ணி போக வழி எங்க இருக்கு? கடைக்காரங்க எல்லாரும் கால்வாய் மேல படி கட்டி அடைச்சிட்டீங்க. உங்க கடைப் படியும் சேர்த்துத்தான்" என்றார்.

அப்பா மழை விட்டதும் ஆட்களை வரவழைத்துத் தம் கடைப் படியை உடைத்தார். அடியில் மழைநீர்க் கால்வாய் மண்ணும் பிளாஸ்டிக்குமாக அடைத்துக் கிடந்தது. அதை அள்ளிவிட்டு, வாடிக்கையாளர் ஏறி வர ஒரு பலகையைக் குறுக்கே போட்டார். அதோடு நிற்கவில்லை. சிமென்ட் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் "எதுக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார். கால்வாய் மேல் படி கட்ட என்றால் ஒரு மூட்டைகூடக் கிடையாது.

"இன்னாபா, சிமென்ட் கேட்டா குடுக்காம கேள்வி கேட்டுகினு கீற?" என்று எகிறினார் ஒருவர்.

"உன் படிக்கு என் சிமென்ட் இல்ல. வேற கடை பாரு" என்றார் அப்பா.

வியாபாரிகள் சங்கத்தில் அவரை ஒதுக்கி வைத்தார்கள். "அண்ணனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்று எங்கள் சித்தப்பாவே கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னார். சித்தப்பா, இதை நீங்களும் படிப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எங்கள் கடை வாசலில் கால்வாய் திறந்திருந்ததால்தான் அதன் வழியாகக் கம்பி விட்டு மற்றக் கடைகளின் அடியில் இருந்த அடைப்பை எடுக்க முடிந்தது. அதன் பிறகு பின்தெரு வீடுகளுக்குள் தண்ணீர் ஏறவில்லை.

சென்ற மழைக்காலத்தில் அப்பாவின் இதயம் சோர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைப் பார்த்ததும், "தண்ணி போவுதாம்மா?" என்றார். "போவுதுப்பா" என்றேன். மறுநாள் காலையில் எங்களை விட்டுப் போய்விட்டார். இந்த ஒரு வருடத்தில் அவரை நினைத்து நான் அழாத நாள் இல்லை.

சென்ற மாதம் சங்கத்தார் வீட்டுக்கு வந்தார்கள். அப்பாவின் நினைவாகக் கடை வாசலில் ஒரு சிமென்ட் பெஞ்சு, அதில் பெயர் பொறித்த கல்வெட்டு வைக்கப்போகிறார்களாம். சித்தப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி.

"எந்த இடத்துல?" என்று கேட்டார் அம்மா.

"அந்தக் கால்வாய் தொறந்தே கெடக்குதில்லம்மா, அதை மூடிட்டு அது மேலதான்" என்றார் சங்கத்தாரில் ஒருவர்.

அம்மா எழுந்து நின்றார். "அவர் உயிரோட இருந்தப்ப அதை உங்களால மூட முடியல. இப்ப அவர் பேரைச் சொல்லியே மூடப் பாக்கறீங்களா?"

வந்தவர்கள் காப்பி குடிக்காமலே கிளம்பினார்கள்.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோன டீச்சருக்கும், இறுதி ஊர்வலத்தில் மழையில் நனைந்தபடி நடந்த பின்தெரு மக்களுக்கும், அப்பாவைப் பார்த்துத் தங்கள் படியையும் உடைத்த இரண்டு கடைக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடையை இப்போது நான் நடத்துகிறேன். பெஞ்சு வேண்டாம், கல்வெட்டும் வேண்டாம். அப்பாவுக்கு மரியாதை செய்ய நினைக்கும் கடைக்காரர்கள் இந்த மழைக்கு முன்னால் தங்கள் படியை உடைக்கட்டும். உடைக்கிற கூலியை நாங்கள் கொடுக்கிறோம்.