ஜெனரேட்டருக்கு வைத்த பொட்டு

எங்கள் சித்தப்பாவிடம் ஒரு வித்தை இருந்தது. ஓசூரில் எங்கள் தெருவில் அதைப் பார்க்காத பிள்ளைகள் கிடையாது. செத்துப்போன டேப்ரெக்கார்டர்களிலிருந்து கழற்றிய இரண்டு குட்டி மோட்டார்களை ஒயர் போட்டு இணைத்து வைத்திருப்பார். ஒன்றின் தண்டில் நூலைச் சுற்றி வெடுக்கென்று இழுப்பார். அவர் இழுத்தது இந்த மோட்டாரை. ஆனால் ஒரு முழம் தள்ளி இருக்கும் அந்த மோட்டாரும், தலையில் செருகிய காகிதக் காற்றாடியோடு விர்ரென்று சுற்றும். பேட்டரி கிடையாது, ப்ளக் கிடையாது. பக்கத்து வீட்டு கன்னடக்காரப் பையன் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் அகப்படாமல் எழுந்திருப்பான்.

"கரண்டு குடுத்தா இது சுத்தும். நாம சுத்திவிட்டா இது கரண்டு குடுக்கும். ரெண்டும் ஒரே மெஷின்தான் பாப்பா. உள்ள காந்தம், நடுவுல செம்புக் கம்பி, அவ்ளோதான்" என்பார் சித்தப்பா.

அப்பாவின் தம்பியான அவர் எங்களோடுதான் இருந்தார். சின்ன விமானங்களைப் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் பயிற்சியாளர். விமானத்தில் இருக்கும் ஜெனரேட்டரைப் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி சேர்ப்பது அவர் வேலை. அந்த ஒரே மெஷின் இரண்டு வேலை செய்கிறது என்பதில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை. முதலில் பேட்டரியிடம் கரண்டு வாங்கி மோட்டாராகி, இன்ஜினைச் சுற்றிக் கிளப்பிவிடும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அது இதைச் சுற்றவைக்கும். உடனே இது ஜெனரேட்டராகி விளக்கு, ரேடியோ எல்லாவற்றுக்கும் கரண்டு கொடுப்பதோடு, தான் காலி செய்த பேட்டரியையும் நிரப்பி வைக்கும். சோறு பரிமாறும் அம்மாவிடம் இதை அவர் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். "வாங்கினதத் திருப்பிக் குடுக்குதுன்னா அது நம்ம சொந்தக்காரங்களவிட மேல்தான் தம்பி" என்று அம்மா ரசத்தை ஊற்றுவார்.

அந்த வருடம் நான் ஐந்தாம் வகுப்பு. தீபாவளிக்குள் சித்தப்பாவுக்கு பர்மனென்ட் ஆர்டர் வந்துவிடும் என்று பேச்சு. ராயக்கோட்டையில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்குத் தக்காளி மண்டி. ஆர்டர் கைக்கு வந்தால் தையில் முகூர்த்தம் என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார். சித்தப்பா அந்தப் பெண்ணின் போட்டோவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் வேலை செய்பவர்களின் வீட்டாரையும் உள்ளே விடுவார்கள். அப்படித்தான் நானும் சித்தப்பாவோடு போனேன். ஓசூரில் அன்றைக்குப் பொட்டு இல்லாத இரும்பைப் பார்க்க முடியாது. பஸ்ஸுக்கு வாழைக்கன்று, லேத்துக்கு மாலை, தையல் மெஷினுக்கும் தராசுக்கும் சந்தனம். ஆனால் சித்தப்பா வேலை செய்யும் அறையில் மட்டும் ஒரு வினோதமான சட்டம். விமானத்தில் ஏறப்போகும் எதன் மேலும் சந்தனம், குங்குமம், பூ எதுவும் படக் கூடாது. மேஜைக்கு வைக்கலாம், டூல்ஸ் பெட்டிக்கு வைக்கலாம். மேஜை நடுவில் உட்கார்ந்திருந்த ஜெனரேட்டர் மட்டும் வெறும் நெற்றியோடு இருந்தது.

அது வேலை முடிந்து, சோதித்து, சித்தப்பாவும் சூப்பர்வைசரும் கையெழுத்துப் போட்ட அட்டை கட்டிய மெஷின். சித்தப்பா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அதன் பின்பக்கம் சுற்றியிருந்த தகட்டுப் பட்டையைத் தளர்த்தி நகர்த்தி, "உனக்காகத்தான். எட்டிப் பாரு" என்றார். ஜன்னல் மாதிரி திறப்பு. உள்ளே பளபளவென்று செம்பு வளையம். அதன் மேல் கரித்துண்டுகள் அழுத்திக்கொண்டு நின்றன. அந்தக் கரி வழியாகத்தான் கரண்டு உள்ளே போகும், வெளியே வரும் என்றார். அதற்குள் ஆரத்திக்குக் கூப்பிட்டார்கள். "எதையும் தொடாத" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

இத்தனை மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு, ஆகாயத்தில் போகும் இதை மட்டும் விட்டுவிட்டார்களே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. வெளியே வைத்தால்தானே தெரியும். பக்கத்துத் தட்டிலிருந்து சந்தனத்தைத் தொட்டு, விரலை உள்ளே விட்டு, செம்பு வளையத்தில் மூன்று பொட்டு வைத்தேன். ஒவ்வொன்றின் மேலும் குங்குமம். கொஞ்சம் உள்ளேயும் கொட்டியது. சாமி கும்பிட்டுக்கொண்டேன். சித்தப்பா திரும்பி வந்து, யாரும் பார்க்கும் முன் பட்டையை நகர்த்தி இறுக்கினார். அவசரத்தில் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கு அந்த ஜெனரேட்டரை விமானத்தில் மாட்டப் போகிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"அந்தச் செம்புல கொஞ்சூண்டு பொடி விழுந்தா என்ன ஆகும் சித்தப்பா?"

"பொறி பறக்கும். கரி சீக்கிரம் தேஞ்சிரும். அப்பறம் ஒருநாள் மேல போறப்ப கரண்டு நின்னுபோயிரும்."

"அப்ப கீழ விழுந்துருமா?"

"சே, இன்ஜின் ஓடும். ஆனா லைட்டு, ரேடியோ எல்லாம் பேட்டரியில கொஞ்ச நேரந்தான் தாங்கும். அதுக்குள்ள எறங்கிரணும்."

"எறங்க எடம் இல்லன்னா?"

அவர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

அவர் போனது சூப்பர்வைசர் வீட்டுக்கு. சூப்பர்வைசருக்குக் கோபம் வந்தால் கன்னடத்தில்தான் திட்டுவார். அதில் பயப்பட ஒன்றும் இல்லை என்று சித்தப்பா சொல்வதுண்டு. அன்றைக்கு அவர் தமிழில், மெதுவாகப் பேசினாராம். "கையெழுத்துப் போட்ட மெஷினை வேடிக்கை காட்டத் திறந்தவன் நான், பூஜைப் பொடி உள்ளே போய்விட்டது" என்று சித்தப்பா எழுதிக் கொடுத்தார். யாருக்கு வேடிக்கை, யார் கை பட்டது என்று எழுதவில்லை. ஜெனரேட்டரை மறுபடி முழுசாகப் பிரித்தார்கள். தீபாவளிக்கு மூன்று பயிற்சியாளர்களுக்கு ஆர்டர் வந்தது. சித்தப்பாவுக்கு வரவில்லை, இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்றார்கள்.

ராயக்கோட்டைக்காரர் ஒரு வருடம் காத்திருக்கத் தயாராக இல்லை. கார்த்திகையில் அந்தப் பெண்ணுக்குக் கிருஷ்ணகிரி மாப்பிள்ளையோடு நிச்சயம் ஆனது. அம்மா கம்பெனியைத் திட்டினார், அப்பா சித்தப்பாவைத் திட்டினார், என்னை யாரும் திட்டவில்லை. சித்தப்பா இன்னும் கொஞ்ச நாள் எங்களோடுதான் இருப்பார் என்று எனக்கு உள்ளூர சந்தோஷம்கூட இருந்தது. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஒருநாள் சித்தப்பாவிடம் கேட்டேன்: "திங்கக்கிழமை நீங்களே தொறந்து, தொடச்சிட்டு, மூடியிருக்கலாம் இல்ல? யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

சித்தப்பாவுக்கும் அந்த எண்ணம் வந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. சூப்பர்வைசர் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது கட்டாயம் வந்திருக்கும்.

"பொடி எதுவரைக்கும் போயிருக்குன்னு வெளியில இருந்து தெரியாது பாப்பா" என்றார். பிறகு, "அதுல யாரு ஏறிப் போவாங்கன்னும் எனக்குத் தெரியாது" என்றார்.

நான் இதைப் பற்றி வெகுநேரம் யோசித்து, அதில் ஏறிப் போவது ரொம்பப் பெரிய ஆளாகத்தான் இருக்கும் என்ற முடிவுக்கு வந்தேன். இல்லையென்றால் சித்தப்பா இவ்வளவு பயந்திருப்பாரா? மறுநாள் பள்ளிக்கூடத்தில், எங்கள் சித்தப்பா ஒரு மந்திரியின் உயிரைக் காப்பாற்றினார், எந்த மந்திரி என்பது மட்டும் ரகசியம் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். பேரும் முகமும் தெரியாத யாரோ ஒருவருக்காக அவர் தன் கல்யாணத்தை விட்டுவிட்டார் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். நானே நம்பியிருக்க மாட்டேன்.