மாமா பளபளப்பாக்கிய பலகை

என் மாமாவுக்கு மங்கலாக எது இருந்தாலும் கை அரிக்கும். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியில், பைக் சைலன்சர்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பஃபிங் செக்‌ஷனில் அவருக்கு வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. எங்கள் குக்கரில் முகம் பார்த்தே நான் பொட்டு வைத்துக்கொள்வேன்.

அப்படிப்பட்டவருக்கு அலைச்சறுக்குப் பைத்தியம் எப்படித்தான் பிடித்ததோ! கடலைக் கண்ணால் பார்த்திராத மனுஷன், அலைமேல் பலகையில் நின்று வருகிறவர்களைச் செல்போனில் பார்த்தே கிறங்கிப்போனார். மொட்டைமாடியில் ஒரு பிவிசி பைப்பைப் படுக்கவைத்து, அதன்மேல் பலகையைப் போட்டு, ஷிப்ட் முடிந்து வந்ததும் இரண்டு கையையும் விரித்தபடி ஆடுவார். ஐந்தாம் வகுப்புப் படித்த நானும் ஏறுவேன். எனக்குக் கற்றுத்தரத்தான் இத்தனை பாடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். "இவன் கம்பெனிக்குப் போறானா, சர்க்கஸுக்குப் போறானா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த வருஷம் கம்பெனி டூர் சென்னைக்கு, வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவரலாம் என்றதும் மாமாவும் நானும் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரை. அம்மாடி, என்ன கூட்டம்! கரையில் பஜ்ஜிக்கடை, பலூன் சுடுகிறவர்கள். தண்ணீருக்குள்ளோ சேலையும் பேன்ட்டுமாக ஊரே நின்றது. அதற்கு நடுவே சிலர் பலகையில் நின்று வழுக்கிக்கொண்டு வந்தார்கள். குப்பத்து அண்ணன் ஒருவர் பலகை வாடகைக்குக் கொடுத்துச் சொல்லியும் தந்தார். மாமா ஒரு மணி நேரத்துக்கு எடுத்தார். பாதி எனக்கு, பாதி அவருக்கு. அது முடிந்ததும் பஸ் கிளம்பிவிடும்.

பலகையை மணலில் போட்டு, "இங்கியே இருங்க, வந்துட்றேன்" என்று அந்த அண்ணன் வேறு ஒருவரைக் கூப்பிடப் போனார். மாமா பலகையைப் பார்த்தார். மேலே முழுக்க அழுக்கு மெழுகு, திட்டுத்திட்டாக.

"சீ, என்னா புள்ள இது, இப்புடியா வெச்சிருப்பாங்க!"

கம்பெனி ஐடி கார்டால் சுரண்டினார். ஈரமணல் போட்டுத் தேய்த்தார். துண்டால் துடைத்தார். நானும் சந்தோஷமாகத் துடைத்தேன். பலகை வெயிலில் கண்ணைப் பறித்தது.

திரும்பி வந்த அண்ணனுக்கு முகமே மாறிவிட்டது.

"இன்னாண்ணா பண்ணி வெச்சிருக்கே! அந்த மெழுவு இருந்தாத்தாண்ணா காலு நிக்கும்! கைல வேற மெழுவு கூட இல்ல!"

ஏறிப் பார்த்தேன், வழுக்கி விழுந்தேன். மறுபடி ஏறி மறுபடி விழுந்தேன். மூக்கெல்லாம் உப்புத்தண்ணீர். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா ஓட்டம் பிடித்தார். தெருக்கோடியில் மாதா கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்பதை பஸ்ஸிலிருந்தே பார்த்திருக்கிறார் போல. இரண்டு கையிலும் மெழுகுவர்த்திகளோடு மூச்சிரைக்க வந்து, மண்டி போட்டு, பலகை முழுக்கத் தேய் தேய் என்று தேய்த்தார். பளபளப்பைக் கெடுப்பதற்காக அவர் தேய்த்து அன்றுதான் பார்த்தேன்.

பஸ் ஹாரன் அடித்தது. ஒரே ஒரு தடவைக்குத்தான் நேரம். மாமா பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ ஏறு புள்ள. சீக்கிரம்!"

அண்ணன் அலை பார்த்துத் தள்ளிவிட, மாமா இடுப்பளவுத் தண்ணீரில் எனக்கு முன்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். "ஒதுங்குங்க! புள்ள வருது! தாரி பிடி! தப்புக்கோண்டி!" என்று ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கத்துவதுபோல் தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாம் கலந்து கத்தினார். சென்னைக்காரர்கள் மிரண்டு வழிவிட்டார்கள். நான் எழுந்தேன். நின்றேன்! அடியில் கடல் உருண்டு ஓட, நான் அதன்மேல் நின்றுகொண்டே வந்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். கரை தட்டும்வரை விழவில்லை. முன்பின் தெரியாத அக்காக்கள் கைதட்டினார்கள்.

பஸ்ஸில் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்கெல்லாம் மெழுகு.

"நிக்கும்போது எப்புடி புள்ள இருந்துச்சு?"

சொன்னேன். வேலூர் தாண்டியதும் மறுபடி கேட்டார். சொன்னேன். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் என்னைத் தட்டி எழுப்பி, "கால்ல அந்த அலை தெரிஞ்சுதா? கீழ ஓடுறது?" என்றார்.

எனக்கு எரிச்சலாகிவிட்டது. "பக்கத்துலயேதான மாமா ஓடி வந்தீங்க? பாத்தீங்க இல்ல? சும்மா சும்மா கேக்கறீங்க!"

"ஆமா, ஆமா, பாத்தேன். நீ தூங்கு" என்றார்.

மாமாவுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும் என நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.